பதினேழு கப்பல்களா, பதினாறா

ஒரே படத்தை நான்காவது முறை பார்க்கக் கிளம்பிய அன்றுதான் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று வீட்டில் முடிவு செய்தார்கள். வீட்டில் என்றால் இரண்டு பேர்: என் மனைவி, பெரம்பூரில் ரயில்வே அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் என் மகள். மூன்றாவது ஆள் நான். என் வாக்கை யாரும் கேட்கவில்லை.

படம் ஜப்பான்காரர்கள் எடுத்தது. கடலிலிருந்து ராட்சத மிருகம் ஒன்று எழுந்து வந்து துறைமுகத்தை மிதிக்கும். அதற்கு முன் நான் பார்த்திருந்த அறுபத்திரண்டு படங்களிலும் ஏறக்குறைய அதுதான் நடக்கும். எனக்கு வயது எழுபத்து மூன்று. பதினோரு வயதிலிருந்து இந்தப் படங்களைப் பார்த்து வருகிறேன். இதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

காலைக் காட்சிக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள்.

"எங்க நைனா கெளம்பிட்ட?"

"சினிமாவுக்கு."

"இன்னா படம்?"

சொன்னேன். டிபன் பாக்ஸை மூடாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

"நைனா, அத போன வாரம்தான பாத்துட்டு வந்த? அதுக்கு முன்னாடி வாரமும் பாத்த."

"இன்னும் சரியா பாக்கலம்மா."

அந்தப் பதிலை நான் சொல்லியிருக்கக் கூடாது. முதல் தடவை எண்ணியபோது அந்த மிருகம் அழித்த கப்பல்கள் பதினேழு. இரண்டாவது தடவை பதினாறு. மூன்றாவது தடவை மறுபடி பதினேழு. கணக்கு நிற்கவில்லை. நிற்காத கணக்கை வைத்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்காது. மகளுக்கு இது தெரியாது. பார்த்ததையே மறந்துவிட்டு அப்பா மறுபடி கிளம்புகிறார் என்று நினைத்தாள். வீட்டுச் சாவியையும் மெட்ரோ கார்டையும் என் சட்டைப் பையிலிருந்து எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

"இனிமே தனியா எங்கயும் போவாத. டாக்டராண்ட காட்டிட்டு அப்பால பாத்துக்கலாம்."

திருவொற்றியூரில் முப்பத்தொன்பது ஆண்டுகளாக அந்த வீட்டின் சாவி என் பையில் இருந்தது. அன்று பகல் முழுவதும் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பதினான்கு முறை.

நான் துறைமுகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் டேலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணுவது என் வேலை. கரையின் சார்பில் நான் எண்ணுவேன். கப்பலின் சார்பில் இன்னொருவர் எனக்கு எதிரே நின்று எண்ணுவார். நான்கு கோடு நேராக, ஐந்தாவது கோடு குறுக்காக. ஷிப்டு முடிந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். எண் ஒத்துப்போனால் இருவரும் கையெழுத்துப் போடுவோம். ஒரு மூட்டை குறைந்தாலும் கையெழுத்து கிடையாது, மறுபடி எண்ண வேண்டும். அவர் கப்பலின் ஆள், நான் கரையின் ஆள் என்று சண்டை போடுவோம். ஆனால் அந்தச் சண்டையில் யாரும் யாரையும் பைத்தியம் என்று சொன்னதில்லை.

இந்தப் படங்களை அக்கறையாகப் பார்க்க வைத்தவர் என் அப்பா. அவர் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். பதினோரு வயதில், ராயபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நண்பர்கள் மூன்று பேரோடு காலைக் காட்சிக்கு ஓடினேன். படத்தில் யாரோ எங்கள் மொழியும் இல்லாமல் அவர்கள் மொழியும் இல்லாமல் இங்கிலீஷில் பேசினார்கள். உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். அதைப் பற்றி எங்களுக்கு என்ன? துறைமுகம் எங்கள் துறைமுகம் போலவே இருந்தது. அதே கிரேன்கள், அதே கிடங்குகள். கடல் வீங்கியது, தலை எழுந்தது, கிரேன் சாய்ந்தது. வீட்டுக்கு வந்து மூச்சு வாங்க அப்பாவிடம் சொன்னேன். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கிரேன் மேல இருந்தவன் எறங்குனானா?"

எனக்குத் தெரியவில்லை. நான் மிருகத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு அதைப் பார்ப்பதற்காகவே மறுபடி போனேன். அந்த ஆள் இறங்கவில்லை. கிரேனின் கண்ணாடி அறைக்குள் நகம் அளவு பொம்மை ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் தலையில் மஞ்சள் தொப்பி. எங்கோ ஜப்பானில் ஒருவர் உட்கார்ந்து, கண்ணுக்கே தெரியாத அந்தப் பொம்மைக்குத் தொப்பி செய்து மாட்டியிருக்கிறார். இரண்டு விநாடியில் நொறுங்கப் போகிற கிரேனுக்குள் ஒரு தொழிலாளி இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. 'எறங்கலப்பா, உள்ளயே இருந்தாரு' என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பொம்மை ஊர், ரப்பர் பல்லி என்று சிரிப்பவர்கள் பலரை அறுபத்திரண்டு ஆண்டுகளில் பார்த்துவிட்டேன். துறைமுகத்தில் எனக்குப் 'பல்லி சார்' என்று பெயரே இருந்தது. "பல்லி சார், மூணாவது பெர்த்துல இன்னாமோ கரையேறுது, ஓடியா!" என்று லோடர்கள் கத்துவார்கள். ரப்பர் உடைக்குள் ஒரு ஆள் இருக்கிறான் என்று எனக்கு மட்டும் தெரியாதா? தெரியும். அந்த உடை முதுகில் ஏற்றும் எந்த மூட்டையையும் விடக் கனமானது, உள்ளே ஆள் வேர்த்து மயங்கி விழுவான் என்று படித்திருக்கிறேன். ஒரு முறை லோடர்களிடம் இதைச் சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "பாவம், அவனுக்கு இன்னா கூலி தராங்களோ" என்றார். அதன் பிறகும் பல்லி சார் என்றுதான் கூப்பிட்டார்கள். குரல் மட்டும் கொஞ்சம் மாறியது.

பர்மா பஜாரில் கேசட் வாங்கிப் பார்த்தேன், பிறகு சி.டி.யில் பார்த்தேன். மூன்று நோட்டுப் புத்தகங்களில் எல்லாப் படத்துக்கும் கணக்கு இருக்கிறது: சாய்ந்த மின்கோபுரங்கள், உடைந்த பாலங்கள், கவிழ்ந்த கப்பல்கள். இன்னொரு கணக்கும் உண்டு. அறுபத்திரண்டில் நாற்பத்தொரு படங்களில் அந்த மிருகத்தை முதலில் பார்ப்பவன் ஒரு மீனவனோ மாலுமியோதான். நாற்பத்தொன்றிலும் கோட்டுப் போட்டவர்கள் அவனை நம்புவதில்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீர் நிறம் மாறுகிறது என்று வலைக்காரர்கள் சொன்னபோது எங்கள் பக்கத்தில் யார் நம்பினார்கள்? கதை என்பவர்கள் கதை என்று சொல்லிக்கொள்ளட்டும்.

மருத்துவமனையில் என்னைச் சோதித்த டாக்டர் ஓர் இளம்பெண். மரியாதையாகத்தான் பேசினார். இன்றைக்கு என்ன கிழமை, இது எத்தனையாவது மாடி என்று கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று போனேன்.

"போதுங்கய்யா" என்றார் ஐந்தாவதில்.

நான் நிறுத்தவில்லை. இரண்டு வரைக்கும் போய்த்தான் நிறுத்தினேன். மகள் பக்கத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப இருபதுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் தலைகீழா எண்ணுங்க பார்ப்போம்."

சந்தோஷமாக எண்ணினேன். "நாலு, மூணு, ரெண்டு, லாபம்."

அவர் பேனா நின்றது. "கடைசியா என்ன சொன்னீங்க?"

"லாபம்."

அவர் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டதைத் தலைகீழாகவே பார்த்துவிட்டேன். எனக்கு ரத்தம் கொதித்தது. மூட்டை எண்ணுபவன் எவனும் முதல் மூட்டையை ஒன்று என்று சொல்ல மாட்டான். லாபம் என்றுதான் தொடங்குவான். முப்பத்து நான்கு வருஷம் அப்படிச் சொன்ன வாய் ஒரு தாளைப் பார்த்து மாறிவிடுமா? விளக்கினேன், கொஞ்சம் சத்தமாகவே விளக்கினேன். அந்தப் பெண் புன்னகையோடு குறியை அடித்துவிட்டுச் சரி போட்டார். ஆனாலும் மகளிடம், "பெரிசா ஒண்ணும் இல்ல. கொஞ்ச நாளைக்கு வெளியில கூட யாராவது போங்க" என்றார்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது மகளிடம் கேட்டேன்: "பெரிசா ஒண்ணும் இல்லன்னா அப்புறம் ஏன் சாவி தர மாட்டேங்கற?"

"அப்ப ஏன் நைனா அதே படத்துக்கு நாலு தபா போற? அத சொல்லு மொதல்ல."

சொன்னேன். பதினேழு, பதினாறு, பதினேழு. முழுவதையும் கேட்டுவிட்டு அவள் என்னைப் பார்த்த பார்வையில் நிம்மதி பாதி, எரிச்சல் பாதி.

"இதுக்கா? இதுக்கா என்ன லீவு போட வெச்ச?"

"நீயும் வா. நீ கப்பல் பக்கம், நான் கரைப் பக்கம். எண்ணுவோம். ஒத்துப்போனா சாவி எங்கிட்ட."

"ஒத்துப்போவலன்னா?"

"நீ சொன்னபடி கேக்கறேன். தனியா போகல."

அவசரத்தில் கொடுத்த வாக்கு.

சனிக்கிழமை இருவரும் போனோம். கோடு போட என்னிடம் ஒரு அட்டை, அவளிடம் ஒரு அட்டை. விளக்கு அணைந்து பதினெட்டாவது நிமிடத்தில் முதல் இழுவைப் படகு கவிழ்ந்தது. பக்கத்து இருக்கையிலிருந்து மெதுவாகக் குரல் வந்தது: "லாபம்." நான் திரும்பவில்லை. திரும்பினால் இரண்டாவதைத் தவறவிட்டிருப்பேன்.

முடிந்ததும் வெளியே தூணருகே நின்று அட்டைகளைச் சேர்த்து வைத்தோம். என்னுடையது பதினேழு. அவளுடையது பதினாறு.

"எத வுட்ட?" என்றேன்.

"நான் எதையும் வுடல. நீதான் ஒண்ண ரெண்டு தபா எண்ணிட்ட. ஆரம்பத்துல வாலால அடிச்சுது பாரு ஒரு வெள்ளக் கப்பல், அது பறந்து போச்சா? கடைசில பில்டிங் மேலேர்ந்து தெருவுல வுழுந்துதே, அதே கப்பல்தான் அது. புச்சு இல்ல."

துறைமுகத்தில் வேலைக்குச் சேருபவனிடம் முதல் நாள் சொல்வது இதைத்தான். கிரேன் கயிற்றுச் சுமை மேலே வரும், ஏதோ சரியில்லை என்று மறுபடி கப்பலுக்குள் இறக்குவார்கள், திரும்பவும் ஏற்றுவார்கள். அனுபவம் இல்லாதவன் அதை இரண்டாக எண்ணுவான். நானே பலரை அதற்காகத் திட்டியிருக்கிறேன்.

"அது வேற கப்பல்" என்றேன்.

"அதே கப்பல் நைனா."

"கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடாத. சாவி வராது."

அடுத்த மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் சொல்வது தவறாக இருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். வந்தது கோபம் இல்லை. இரண்டாவது தடவை எனக்கே பதினாறுதான் வந்திருந்தது. அன்று அதே கப்பல் என்று என் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த வாரம் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். கண்ணெதிரே இருப்பதைத் தவறவிடுவது ஒன்று. கண்டதைக் கண்டேன் என்பதே தவறிப்போவது வேறு. அந்தப் பெண் போட்ட பெருக்கல் குறி சரிதானோ என்று பகலிலேயே பயந்தேன்.

நான்காம் நாள் காலை மகள் வேலைக்குப் போனதும் அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டுச் சாவியையும் கார்டையும் எடுத்தேன். ஒளித்து வைக்கும் இடம் இந்த வீட்டில் ஒன்றுதான். நிமிர்ந்தால் மனைவி நிற்கிறாள்.

"யோவ், இன்னா திருட்டுத்தனம் இது?"

"எண்ணிட்டு வரேன். இதுதான் கடைசி."

"பொண்ணுக்கு வாக்கு குடுத்த?"

"குடுத்தேன். ரெண்டு பக்கமும் ஒத்துப்போகலன்னா மறுபடி எண்ணணும். அது அந்த வாக்குக்கு முன்னாடியே இருக்கற சட்டம்."

அவள் அரிசி டின்னைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். "நாப்பத்தாறு வருஷமா இந்த எண்றத கேட்டுகினு கீறேன். போ. மூணு மணிக்கு மேல வந்தா மீன் இருக்காது. செல்போன எடுத்துகினு போ."

எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தைந்துதான். திருத்தாமல் கிளம்பினேன்.

தியேட்டரில், அந்த வெள்ளைக் கப்பல் பறக்கும்போது மிருகத்தைப் பார்க்கவே இல்லை. கப்பலை மட்டும் பார்த்தேன். புகைபோக்கியில் பச்சைப் பட்டை, பின்பக்கக் கம்பி வளைந்திருந்தது. கடைசியில் கட்டடத்தின் மேலிருந்து தெருவில் விழுந்த கப்பலில் பச்சைப் பட்டை. வளைந்த கம்பி. அதே கப்பல். எடுத்தவர்கள் அந்தக் கம்பியை மறக்காமல் இரண்டு இடத்திலும் வளைத்திருக்கிறார்கள். மஞ்சள் தொப்பி தைத்த ஆளின் பேரப்பிள்ளைகளாக இருக்க வேண்டும்.

இரண்டே முக்காலுக்கு வீடு சேர்ந்தேன். மீன் இருந்தது.

மாலையில் மகள் வந்ததும் நோட்டுப் புத்தகத்தை அவள் முன் வைத்தேன். பதினேழை அடித்துவிட்டு மேலே பதினாறு என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டிருந்தேன். அடித்தது தெரியும்படிதான் அடித்திருந்தேன். எங்கள் வேலையில் தவறை அழிக்கக் கூடாது. கோடு போட்டுத் திருத்த வேண்டும்.

"தனியாவா போன?"

"ஆமா."

"எத்தினியாவது தபா?"

"அஞ்சாவது. நாலாவது உங்கூட, சனிக்கிழமை. நீ பாப்கார்ன் வாங்கி பாதிய கொட்டின."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நான் சொன்னதுதான் கரெக்ட்டு?"

"நீ சொன்னதுதான். நான் தப்பா எண்ணினேன். மறந்து எண்ணல, தப்பா எண்ணினேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. வயசுப் பசங்களும் தப்பா எண்ணுவாங்க, யாரும் அவங்க சாவிய புடுங்கறதில்ல. கப்பல் பக்கம் கையெழுத்துப் போடு."

போட்டாள். போட்டுவிட்டுக் கையை நீட்டினாள், சாவிக்காக.

நான் புத்தகத்தை அவளிடமிருந்து வாங்கி மூடினேன். கணக்கு ஒத்துப்போனால் சாவி என்னிடம் என்பதுதான் பேச்சு. சாவி என் பையிலேயே இருந்தது. இப்போதும் இருக்கிறது. அறுபத்து நான்காவது படம் வந்தால் முதல் நாள் முதல் காட்சிக்குத் தனியாகப் போவேன். கணக்கு ஒத்துப்போகாவிட்டால் மறுபடியும் போவேன்.