நூறு சிசி, நாலு சக்கரம்

கணவர் இறந்து ஐந்து மாதம் கழித்து, பெங்களூர் விஜயநகரில் அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தேன். ஆபீசில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார் அவர். நான் அழவில்லை என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். உண்மைதான். சோறு போட்டால் சாப்பிட்டேன், கூப்பிட்டால் திரும்பினேன். பல் பிடுங்கும்முன் ஊசி போட்ட தாடை போல உடம்பு முழுக்க மரத்திருந்தது.

அண்ணன் மெக்கானிக். மண் தடத்தில் பைக் பந்தயம் ஓட்டியவர். ஒரு பந்தயத்தில் இடது முழங்கால் நொறுங்கியபின் காலூன்றி வண்டியைத் திருப்ப முடியவில்லை. அதனால் நாலு சக்கர பைக் ஒன்றை ஷெட்டில் கட்டிக்கொண்டிருந்தார். பழைய புத்தகக் கடையில் வாங்கிய வெளிநாட்டுப் பத்திரிகையில் அதன் படம் இருந்தது. குதிரைமேல் உட்காருவது போல உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடித்து ஓட்ட வேண்டும். அண்ணன் வண்டிக்கு, விபத்தில் நசுங்கிய பைக்கின் நூறு சிசி ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின், ஆட்டோவின் சக்கரங்கள்.

டார்ச் பிடிப்பது என் வேலை. வண்டி ஓடத் தொடங்கியதும் காலி மனைகளைச் சுற்றி என்னை ஓட்டச் சொல்லி, நின்று சத்தத்தைக் கேட்பார். என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அண்ணனின் பந்தய நண்பர் ஒருவர் சாயங்காலங்களில் வருவார். பெங்களூர் வழக்கப்படி யாரையும் குரு என்றுதான் கூப்பிடுவார்.

"ரேஸுன்னா டூ ஸ்ட்ரோக்தான் குரு. உன் இன்ஜின் பால்காரருக்கு. ரெண்டு கேன் மாட்டி அனுப்பு."

"கம்பெனிக்காரன் மைலேஜுக்குன்னு செஞ்சு வெச்சதுக்கு இன்ஜின் மேல பழி போட்டா எப்படி? கேம் ஷாஃப்ட் மாத்திருக்கேன், ஹெட்டைச் சீவி கம்ப்ரஷன் ஏத்திருக்கேன்," என்பார் அண்ணன். "உன் வண்டி வேகம் குறைஞ்சா செத்துடும். இது அடியிலயே இழுக்கும். சின்ன இன்ஜின், கனம் கம்மி, நினைச்ச பக்கம் திரும்பும். நோடு, நீயே பாரு, பெருசா இருந்தாதான் வேகம்னு யார் சொன்னா?"

கடைசியில் பாதி வற்றிய ஓர் ஏரியில் இரண்டு வண்டியையும் ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஈரக் கரை ஏற வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனின் முழங்கால் வீங்கி மடங்கவே இல்லை. கியர் போடுவது அந்தக் காலால்தான்.

"நீ ஓட்டு," என்றார்.

"சரி," என்றேன்.

நேர்த்தடத்தில் நண்பர் தன் டூ ஸ்ட்ரோக் பைக்கில் என்னைத் தாண்டிப் போனார். சேறு முகத்தில் அடித்தது. ஆனால் கரையேற்றத்தில் அவர் இன்ஜின் வீறிட்டு, முனகி, நின்றுபோனது. நான் இரண்டாவது கியரில் ஏறினேன். பாதி உயரத்தில் வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. கவிழ்ந்தால் வண்டி என்மேல் விழும் என்று தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான். அண்ணன் சொல்லியிருந்தபடி உடம்பை வலப்பக்கம் சாய்த்தேன். சக்கரங்கள் இறங்கின. இன்ஜின் பதறாமல் மேலே இழுத்துப் போயிற்று.

அடுத்த இரண்டு சுற்றில் நண்பர் காய்ந்த பக்கமாக ஏறி, என்னைப் பிடித்து, முந்தி முடித்தார். முடித்தவர் என் இன்ஜின் பக்கத்தில் வந்து குந்தினார்.

"குரு, எனக்கும் ஒண்ணு கட்டிக் கொடு."

அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. நொண்டியபடி வந்து என் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"சக்கரம் தூக்கினப்ப பயந்துட்டியா?"

"இல்லண்ணா."

"கொஞ்சம்கூடவா?"

"இல்ல."

என் முகத்தையே பார்த்தார். "அப்ப இனிமே நீ ஓட்ட வேணாம்மா. பயம் இல்லாதவங்க கையில வண்டி கொடுக்கக் கூடாது."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நண்பருக்கான வண்டிக்கு மூன்று மாதம் பிடித்தது. நாலு சக்கரத்துக்குப் பிரிவே இல்லை என்று சொன்ன பந்தயக்காரர்கள், இடைவேளையில் நண்பரை அதை ஓட்டிக் காட்ட மட்டும் விட்டார்கள். அண்ணியும் நானும் கயிற்றுக்கு இப்பால் நின்றோம். கடைசி வளைவில் அந்த வண்டி இரண்டு சக்கரத்தில் எழுந்து, இறங்காமலே வெகுதூரம் போயிற்று.

"ஏ, கையை விடும்மா, வலிக்குது," என்றார் அண்ணி.

அவர் கையைப் பிடித்திருந்தது எனக்குத் தெரியவில்லை. விட்டபின் பார்த்தேன். மணிக்கட்டில் என் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.