கவ்வாத்து மூக்கனின் முகம்

தேவாலாவில் ஆடி மழை பிடித்துக்கொண்டால் துணி காயாது, தீக்குச்சி பற்றாது, மனுஷன் முகத்தில் சிரிப்பும் இருக்காது. வசந்த்குமாரின் பிரிண்டர் மட்டும் ஒழுங்காக ஓடிவிடுமா என்ன? அன்று சாயங்காலம் அடித்த தாளெல்லாம் வெளிறி, திட்டுத் திட்டாக வந்தது. டோனரைக் குலுக்கிப் போட்டான். தாளை மாற்றினான். ம்ஹும்! உள்ளே ஈரம் இறங்கிவிட்டது என்று தானே முடிவுகட்டிக்கொண்டான்.

பொள்ளாச்சியிலிருந்து எஸ்டேட் ஆபீஸ் வேலைக்கு வந்தவன் அவன். அந்த வேலை போனதும் பஜாரில் பிரிண்ட் அடித்துக் கொடுக்கிற கடை போட்டான். பிரிண்டர் வந்த அன்றைக்கும் மழைதான். மண் சரிந்து வண்டி பாதியில் நின்றுவிட்டது. தான் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பெட்டிக்குப் போர்த்தி, நனைந்துகொண்டே தோளில் தூக்கிவந்து இறக்கியவர் மூக்கன். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து ஆள். ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து வசந்த்குமாருக்கு அவர் அண்ணன்.

ஈரத்துக்கு அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் ஒரே வைத்தியம்தான். பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டே இருக்கும். இல்லாவிட்டால் புடவையில் பூசணம் பூத்துவிடும். வசந்த்குமாரும் பிரிண்டருக்குள் எழுத்தைத் தாளில் பதிக்கிற பளபளப்பான உருளையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனான். மனைவி ஷண்முகப்ரியாவின் புடவைகளுக்கு நடுவே, பல்புக்கு நேராக, கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல் பதனமாக வைத்துவிட்டுப் படுத்தான், புண்ணியவான்!

காலையில் உருளையோடு கடைக்கு வந்தால், மூக்கனின் மகள் ஜீவிதா வாசலில் நிற்கிறாள். கையில் அப்பாவின் பழைய படம்.

"அப்பா போயிட்டாருங்க சித்தப்பா. மத்தியானமே எடுக்கறாங்க. நோட்டீஸ் வேணும்."

செல்போன் டவர் செத்துக் கிடந்த நேரம். சாவுச் சேதி பஸ் கண்ணாடியிலும் டீக்கடைச் சுவரிலும் ஒட்டித்தான் போக வேண்டும்.

"எஸ்டேட்ல ரெண்டு மூக்கன் இருக்காங்களே கண்ணு. கவ்வாத்து மூக்கன்னு போட்டறட்டுமா?"

"செத்த மனுசனுக்குப் பட்டப்பேரு எதுக்குன்னு அம்மா சொல்லிட்டாங்க. மொகத்தப் பாத்தாத் தெரியாதுங்களா?"

அதுவும் சரிதான். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பெயரையும் எஸ்டேட்டையும் நேரத்தையும் போட்டு, நடுவில் படத்தை வைத்து அடித்தான். வந்த தாளில் அண்ணனின் கண்ணை மறைத்து நாலு விரல் அகலத்தில் கரி பூசினாற்போல் ஒரு பட்டை.

மிஷினைத் துடைத்தான். புதுத் தாள் கட்டைப் பிரித்தான். படத்தை மேலே ஏற்றினால் பட்டை வாயில் விழுந்தது, கீழே இறக்கினால் நெற்றியில் விழுந்தது. இப்படியும் ஒரு சனியன் உண்டா! கடைசியில் உருளையை வெளியே எடுத்துத் திருப்பினான். ஒரு பக்கம் மட்டும் மங்கிக் கிடந்தது. பல்பைப் பார்த்து இருந்த பக்கம். உருளையில் வெளிச்சம் படக்கூடாது என்று பிரிண்டர் மூடியின் உட்புறத்திலேயே படம் போட்டிருந்தது. தினமும் திறந்து மூடுகிற மூடி. அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

கூடலூர் ரோட்டில் மரம் விழுந்து கிடந்ததால் வேறு கடைக்கும் ஓட வழியில்லை. எஸ்டேட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. உள்ளதில் தேவலை என்று பொறுக்கிய தாள்களில்கூட யார் முகம் என்று பெற்ற மகளுக்கே தெரியாது. பெயருக்கு முன்னால் 'கவ்வாத்து' என்று எழுதப் பேனாவைத் திறந்தான். வேண்டாம் என்று வீட்டில் சொன்ன பிறகு எப்படி எழுதுவது? மூடிவிட்டுத் தாள்களைக் கண்டக்டரிடம் நீட்டினான். இழவு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. எந்த முகத்தோடு போவான்?

பொழுது சாயும்போது ஃபேக்டரி மூக்கன் கடைக்குள் வந்தார். எஸ்டேட்டின் இன்னொரு மூக்கன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் தொழிலாளர் லைன் வீட்டில் இருப்பவர். கையில் நனைந்த மாலைகள்.

"ஏனுங்க, காலைல இருந்து நோட்டீஸப் பாத்துட்டு சனம் மாலையோட எங்க ஊட்டுக்கு வந்துட்டே இருந்துச்சுங்க. நான் கதவத் தொறந்தா அலறறாங்க. ஆளுங்களக் கூட்டிக்கிட்டுப் பாலத்தத் தாண்டி ஓடுனேன். அதுக்குள்ள எடுத்துட்டாங்க. தூக்கறதுக்கு ஆளில்லாம அந்தப் புள்ள ஜீவிதாவே தோள் குடுத்துச்சாம்."

மாலைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் மேஜையைப் பார்த்தார், பிரிண்டரைப் பார்த்தார்.

"இந்தப் பொட்டிய மழையில தூக்கிட்டு வந்தது அவன்தானுங்களே?"

வசந்த்குமார் மாலைகளை வாங்கி அந்தப் பெட்டியின் மேலேயே வைத்தான்.