என் கட்டுரையால் வந்த கூரை

ஒன்பதாம் வகுப்பில் எல்லோரும் ஒரு விருப்பப் பாடம் எடுத்தாக வேண்டும். பாதிப் பேர் செயற்கை நுண்ணறிவுக்குப் போனார்கள், மீதியில் பெரும்பாலோர் வணிகத்துக்கு. ஆங்கிலமும் இதழியலும் சேர்ந்த பாடத்துக்குக் கை தூக்கியவர்கள் ஒன்பதே பேர். அதில் நானும் ஒருத்தி. அப்பா படிவத்தை இரண்டு தடவை படித்தார். "ரிப்போர்ட்டராகி என்னம்மா பண்ணப்போற?" என்று கேட்டார். பிறகு அம்மா முறைத்ததால் கையெழுத்துப் போட்டார்.

தினமும் நாம் கடந்துபோகிற, ஆனால் கவனிக்காத ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னார் மிஸ். நான் மூன்றாம் கேட் காவலாளியை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பள்ளி அபுதாபியில் முசஃபா பக்கம் இருந்தது. பள்ளிப் பேருந்துகள் நுழைகிற மூன்றாம் கேட்டில் ஒரு விளக்குக் கம்பத்தின் நிழலைத் தவிர வேறு நிழலே கிடையாது. அவர் அந்த நிழல்கோட்டுக்குள்தான் நிற்பார். நிழல் நகர நகர அவரும் நகர்வார். உச்சி வெயிலில் நிழல் சுருங்கும்போது கம்பத்தோடு ஒட்டிக்கொள்வார். வகுப்பு ஜன்னல் வழியாக மூன்று நாள் இதைப் பார்த்தேன். இத்தனை வருஷம் அந்தக் கேட் வழியாகப் போய்வந்தும் இது என் கண்ணில் படவில்லையே என்று எனக்கே பிரமிப்பாக இருந்தது.

நான்காம் நாள் நோட்டோடு போனேன். "அங்கிள், தமிழ் தெரியுமா?"

"தெரியுமாவா? சிவகங்கைப் பக்கம் பாப்பா நம்மளுக்கு. அண்ணன்னே கூப்பிடு" என்று சிரித்தார். சிரித்துவிட்டு ஒருமுறை ஆபீஸ் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். பன்னிரண்டு மணி நேர டூட்டி. நாற்காலி கிடையாது. "சேர் போட்டா உக்காந்துருவோம்ல, அதான்." தண்ணீர்? "ரூம்லேருந்து ஃப்ரீசர்ல வச்ச பாட்டில் ரெண்டு கொண்டாருவேன். பத்து மணிக்கெல்லாம் அதுல டீத்தூளப் போட்டா டீயே ரெடி."

நான் கிளம்பும்போது குரலைத் தாழ்த்தினார். "எழுதுறது சரி பாப்பா, பேரு கீரு போட்டுறாத."

"போட மாட்டேன் அண்ணா. அது எத்திக்ஸ்" என்றேன். அந்த வாரம்தான் கற்றுக்கொண்ட சொல் அது.

மிஸ் என் கட்டுரையில் ஒரு கமாவைக்கூடத் தொடவில்லை. பள்ளியின் மாத இதழில் அது முதல் பக்கத்தில் வந்தது. காலைக் கூட்டத்தில் பிரின்சிபாலே அதை வாசித்தார். பெற்றோர்களின் வாட்ஸாப் குழுக்களில் சுற்றிச்சுற்றி வந்தது. யார் யாரோ அம்மாவை போனில் கூப்பிட்டு, தங்களுக்கு அழுகை வந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

இரண்டாவது வாரம் ஒரு லாரி வந்தது. அதிலிருந்து இறங்கிய ஆட்கள் தரையைத் துளைத்து இரும்புக் கால்களை நட்டார்கள். மேலே வெள்ளைக் கூரை ஏறியது. பக்கத்தில் ஒரு தண்ணீர் கூலர், ஒரு நாற்காலி. பேருந்தை விட்டு இறங்கியவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். என் படுக்கையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு நான் எழுதிய வாக்கியங்கள் இப்போது இரும்பாகி நிற்கின்றன. கிட்டப்போய் ஒரு காலைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. அன்று மாலை, அபுதாபியில் இன்னும் சரிசெய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியல் போட்டேன். எங்கள் கட்டடத்து லிஃப்ட்டுக்கு அதில் முதலிடம்.

ஆனால் கூரைக்கடியில் நின்றது அண்ணன் இல்லை. நேபாளத்திலிருந்து வந்த வேறொருவர். பழைய ஆள் எங்கே என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். "வேற சைட்டுக்கு மாத்திட்டாங்க" என்றார். எந்த சைட்? பாலைவனம் இருக்கிற திசையில் கையை ஆட்டினார்.

சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். "ஏசி இருக்கிற மால்ல போட்டிருப்பாங்கப்பா. இவ்ளோ பேரு படிச்சப்புறம் அவரை வெயில்ல விடுவாங்களா?"

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. அம்மா அவரைப் பார்த்தாள். பள்ளியைப் பற்றி வாய்திறந்த காவலாளியை அவருடைய செக்யூரிட்டி கம்பெனி எங்கே அனுப்பும் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அவர் பேரு என்னம்மா?"

"கேக்கவே இல்லப்பா. தெரிஞ்சாத்தானே தப்பித்தவறி எழுதிடுவேன்!" என்றேன் பெருமையாக.

அப்பா எழுந்துகொண்டார். கையைக் கழுவப் போய்விட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அடுத்த மாத இதழுக்கு இதன் தொடர்ச்சி வேண்டும் என்றார் மிஸ். மறுபடி நோட்டோடு மூன்றாம் கேட்டுக்குப் போனேன். நான் வருவதைப் பார்த்ததுமே புதியவர் நாற்காலியிலிருந்து எழுந்து விறைப்பாக நின்றார். இந்தக் கூரை என் கட்டுரையால் வந்தது என்று சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினார். டூட்டி எத்தனை மணி நேரம் என்று கேட்டேன்.

"எல்லாம் அச்சா, மேடம்."

வெயில்? "அச்சா." சாப்பாடு? "ரொம்ப அச்சா." ஏதாவது கஷ்டம்? மார்பில் கை வைத்துக்கொண்டார். "ஒரு கஷ்டமும் இல்லை மேடம். நல்ல ஸ்கூல். ரொம்ப நல்ல ஸ்கூல்."

பேசி முடிக்கும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று எழுதிக்கொண்டேன்.