அவர் தோளில் தூங்கிய மகள்

எல்லைப் போராட்டம் மும்முரமாக நடந்த காலம். பாறசாலைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. கதிரில் பூச்சி விழுந்ததால், புதிதாக வந்த மருந்தை என் கணவர் காலையில் தெளித்தார். பம்பு கசிந்து சட்டைத் தோள் நனைந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒன்றரை வயது மகள் கையை நீட்டினாள்.

“வா மக்கா” என்று தூக்கிக்கொண்டார். ஈரத் தோளில் வாயை வைத்தபடி அவள் தூங்கிப்போனாள். பிறகு அந்தச் சட்டையை நான் கசக்கித் துவைத்தேன்.

சற்று நேரத்தில் குழந்தைக்கு எச்சில் வடிந்தது. கைகால் வெட்டி இழுத்தது. என் கைகளும் நடுங்கின. பயம் என்று நினைத்தேன். அன்று கடையடைப்பு, பஸ் இல்லை. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிவரை அவளை மாறிமாறிச் சுமந்து நடந்தோம்.

டாக்டர் விசாரித்துவிட்டு என் கைகளைப் பார்த்தார். “சட்டையை நனைச்சுத் துவைச்சது நீயாக்கும், இல்லியா? உனக்கும் விஷம் ஏறியிருக்கு. பிள்ளைக்கு உடம்பு சின்னது. உன் புருஷன் தாங்கினதை இது தாங்காது.”

“மருந்து அடிச்சது நானாக்கும் டாக்டரே. எனக்கு உடம்புக்கு ஒரு குழப்பமும் இல்லியே. பின்ன இவளுக்கு எப்படி?” என் கணவர் திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே மகளின் மூச்சு நின்றது.

நான் பிழைத்தேன். பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். குளிக்காமல் அவர் அவர்களைத் தொட்டதே இல்லை, வயலுக்குப் போகாத நாட்களிலும். போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.