சட்டைமேல் ஒரு கல்

எழுபதுகளில் பீர்மேட்டு எஸ்டேட்டில் வேலை பார்த்தேன். ஏரிக்கு அக்கரையில் புல்லறுக்கப் போன தம்பி இரண்டு நாளாகத் திரும்பவில்லை. யானை நடமாடும் கரை அது. யானைகளைக் கணக்கெடுக்க வந்தவரிடம் கெஞ்சி அவர் படகில் ஏறிக்கொண்டேன்.

அவர் முதலமடைப் பக்கத்துக்காரர். ஒல்லி, காதெல்லாம் முடி. அவருடைய கனத்த பைனாகுலரில் பட்டனை அமுக்கினால் உள்ளே ஏதோ சுற்றும். படகு ஆடினாலும் காட்சி ஆடாது. எதைப் பார்த்தாலும், ஒன்றும் சொல்லாமல் அதைப் பக்கத்து ஆளிடம் நீட்டுவது அவர் வழக்கம்.

அக்கரைப் பாறையில் சிவப்பாக ஒன்று தெரிந்தது.

"ஐயா, தம்பி சட்டைதான். ஆளைக் காணலியே."

நெடுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "நீங்களே பாருங்க."

"கை நடுங்குதுய்யா."

"நடுங்கட்டுங்க. அதுக்குத்தானுங்களே இது."

பார்த்தேன். காற்றில் பறக்காதபடி சட்டைமேல் ஒரு கல் இருந்தது.

"கல்லு வச்சிருக்கான்யா. நேத்து வச்சதா இருந்தா?"

"ஓரத்தைப் பாருங்க."

சட்டையின் ஓரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

படகு கரையை நெருங்குமுன் தம்பி புல்லுக்கட்டோடு வந்து நின்றான். திரும்பப் படகு கிடைக்கவில்லையாம். கல்லையும் ஈரத்தையும் அவர் முதலிலேயே பார்த்திருப்பார். அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். நான் நம்ப மாட்டேன் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் இன்னும் விளங்கவில்லை.