ஒலிபெருக்கி பேசாவிட்டால் கடலுக்குப் போகலாம்

எங்கள் மீனவர் சங்க அலுவலகத்தில், நாங்கள் கந்தோர் என்போம், ஒரு பழைய கணினி இருக்கிறது. அதில் லினக்ஸ் போட்டது நான்தான். நான் எழுதிய ஒரு சின்னப் பைதான் நிரல் அதில் ஓடுகிறது. வானிலைத் தகவலை எடுத்துப் பார்த்து, காற்று மோசமென்றால் கூரையிலுள்ள ஒலிபெருக்கியில் கரை முழுக்கக் கத்தும். கடல் நல்லதென்றால் வாயே திறக்காது. சனம் அதையே சட்டமாக்கிவிட்டது. ஸ்பீக்கர் பேசவில்லையா, போட்டைத் தள்ளு. என் புருசனும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான்.

சோளகக் காற்று வீசுகிற காலத்தில் ஒரு காலை கணினியைப் புதுப்பித்தேன். மென்பொருள்களை நிறுவிப் பராமரிக்கும் பொதி மேலாளர் பைதானின் புதிய பதிப்பைக் கொண்டுவந்தது. பழையது ஒருவருக்கும் தேவையில்லை, அழிக்கட்டுமா என்றது. அழி என்று தட்டிவிட்டு வீட்டுக்குச் சமைக்கப் போனேன். பழையதை நம்பியிருந்தது என் நிரல் ஒன்றுதான். அது நான் கையால் எழுதி வைத்தது என்பதால் பொதி மேலாளருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மத்தியானம் வந்து பார்த்தால் நிரல் செத்துக் கிடந்தது. அந்த நேரம் புருசன் எண்ணெய்க் கானுடன் யன்னலடியில் வந்து நின்றார்.

"என்னப்பா, இண்டைக்குச் சத்தமில்லை. போயிட்டு வாறன்."

"பொறுங்கோ, அது பழுதாக் கிடக்கு."

"கடல் பால் மாதிரிக் கிடக்கு, நீ வேற! ஆறுதலாத் திருத்து." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நானும் விட்டுவிட்டேன். பழைய பதிப்பைத் திரும்பப் போட்டால் சரிதானே என்று உட்கார்ந்தேன். சனியன்! பைதான் வந்தது, ஆனால் நிரலுக்கு வேண்டிய துணைப் பொதிகள் எல்லாம் புதிய பதிப்புக்கே கட்டப்பட்டிருந்தன. அமைப்புக் கோப்பில் இதற்கென்று இரண்டு வரிகள் உண்டு. பொதிகளை எந்தெந்தப் பதிப்புகளுக்குக் கட்டுவது என்று முதல் வரி சொல்லும். ஒரேயொரு பதிப்பை மட்டும் ஏற்கும் பொதிகளுக்கு எது என்று இரண்டாவது சொல்லும். முதல் வரியில் புதியதை எடுத்துவிட்டுப் பழையதை எழுதினேன். இரண்டாவதோடு ஒத்துவரவில்லை என்றது. இரண்டாவதை மாற்றினேன். இன்னொரு பொதி, எனக்குப் புதியதுதான் வேண்டுமென்று அடம்பிடித்தது. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் என்னைக் கடிக்க வந்துவிட்டது. முதல் வரியில் இரண்டு பதிப்பையும் சேர்த்து எழுதி, இரண்டாவதைத் தொடாமல் விட்டிருந்தால் போதும். அதை ஒரு பிழைச்செய்தியாவது வாய்விட்டுச் சொன்னதா? நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

பின்னேரம் எல்லாம் கட்டி முடிந்து நிரலை ஓட்டினேன். ஓடிய உடனே ஒலிபெருக்கி கத்தத் தொடங்கியது: பலத்த காற்று, கடலுக்குப் போகவேண்டாம். வெளியே ஓடிப் போய்ப் பார்த்தேன். கரையில் ஒரு போட் இல்லை. மடு மாதாவே! புருசனுக்குத் தொலைபேசி எடுத்தேன், கிடைக்கவில்லை. ஒலிபெருக்கி எனக்குப் பின்னால் கூரையில் நின்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே போய் அதை நிறுத்திவிட்டு வந்தேன்.

காற்று சொன்னபடியே வந்தது. பொழுது பட்ட பிறகு போட்டுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இவருடையது கடைசி. வலையை வெட்டிக் கடலில் விட்டுவிட்டு வந்திருந்தார். உடம்பெல்லாம் நனைந்து, பல் அடித்துக்கொண்டிருந்தது.

"நீ பழுதெண்டு சொன்னனிதான். எண்டாலும் சத்தம் கேக்கேல்லை, அதாலதான் போனனான்," என்றார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

அடுத்த நாளே நிரலை மாற்றினேன். இப்போது கடல் நல்லதென்றாலும் அது வாய் திறந்து சொல்லும். சொல்லி என்ன, அவருக்கு அது போதாது. போட்டைத் தள்ளுமுன் கந்தோர் வாசலுக்கு வருவார்.

"நீ பாத்தனியோ?"

"ஓம், பாத்தனான்."

அதைக் கேட்டால் போதும், திரும்பிப் பாராமல் போய்விடுவார். அந்த ஓமைச் சொல்லிவிட்டு, அவர் கரைக்கு வரும்வரை நான் கந்தோரைப் பூட்டுவதில்லை.