பழுத்த காலும் புரையோடிய காலும்

தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருந்த சிறிய ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்னாபாய் பதினாறு வருடமாக அட்டெண்டர். சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரக் களியக்காவிளை. தரை துடைப்பதும் அழுக்குக் கட்டுத்துணிகளை அள்ளுவதும்தான் வேலை. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள் யாராவது நோயோடு வந்தால், டாக்டர் சபீனா அறைக்குள்ளிருந்தே "ரத்னா சேச்சி!" என்று கூப்பிடுவார். அவருடைய மலையாளத்தை இவள் தமிழாக்கிச் சொல்வாள். அந்த நேரத்தில் மட்டும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கலாம்.

தொண்ணூற்றெட்டில் அஜிதா வந்தாள். பாறசாலைப் பெண், நர்சிங் படித்தவள், வயது இருபத்திரண்டு. வீட்டில் ஏதோ தமிழ் பேசுவார்களாம். ஒரு மாதத்துக்குள் டாக்டரின் வாயில் "அஜிதா" என்ற பெயரே வந்தது. ரத்னாபாய்க்கு வயிறெரிந்தது. அவளுடைய வெள்ளைச் செருப்பைப் பார்த்தாலும் எரிந்தது, அவள் "சேச்சி, சாயா குடிச்சாச்சா?" என்று அன்பாகக் கேட்டாலும் எரிந்தது.

ஒரு வியாழக்கிழமை வீரபாண்டி என்ற கொத்தனார் நொண்டிக்கொண்டு வந்தார். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். காலில் ஆணி குத்தி ஒரு வாரமாகியிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே 'பழுப்பு' ஏறிச் சீழ் வைத்துவிட்டது, இன்றைக்கே சேர்க்க வேண்டும் என்று மலையாளத்தில் சொன்னார்.

"அண்ணாச்சி, காலு நல்லா பழுத்துப் போச்சு. அட்மிட் ஆவணும்" என்றாள் அஜிதா.

வீரபாண்டியின் முகம் தெளிந்தது. "பழுத்துட்டா? அப்பம் ரெண்டு நாள்ல ஒடைஞ்சிரும்லா! இதுக்குப் போயி பெட்டுல படுக்கணுமா?"

மலையாளத்தில் புண் பழுத்தால் கெட்டுவிட்டது என்று பொருள். அவர் ஊரில் கட்டி பழுத்தால் நல்லது. உடைந்து சீழ் வெளியேறி ஆறிவிடும். அஜிதாவுக்கு அது தெரியவில்லை. அதையே இன்னும் அழுத்திச் சொன்னாள். அவர் மாத்திரை மட்டும் போதுமென்று எழுந்துவிட்டார்.

வாசலில் நின்ற ரத்னாபாய்க்கு எல்லாம் புரிந்தது. 'புரையோடிருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெளியே தெரியாமல் சீழ் உள்ளுக்குள் குடைந்து சதையை அழுகவைத்துக்கொண்டு போவதற்கு அந்த ஊர்க்காரர்கள் சொல்வது அது. கேட்டால் யாரும் எழுந்து போகமாட்டார்கள். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. படிச்சவதானே, அவளே சொல்லட்டும் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

இரண்டு நாளும் வாசலில் யார் நொண்டிக்கொண்டு வந்தாலும் எட்டிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பதிவேட்டிலிருந்த விலாசத்தைத் தேடிப் பட்டம் என்ற இடத்துக்குப் போனாள். கட்டட ஷெட்டில் வீரபாண்டி காய்ச்சலில் கிடந்தார். உடையட்டுமென்று காலில் வெங்காயத்தை வதக்கிக் கட்டியிருந்தார்.

"பழுக்கல்ல அண்ணாச்சி, புரையோடியிருக்கு."

அவர் தடுமாறி எழுந்து உட்கார்ந்தார். "எக்கா, அந்தப் புள்ள இதைச் சொல்லலையே!"

ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தாள். கால் பிழைத்தது, இரண்டு விரல்கள் போயின. டாக்டர் எல்லோர் முன்னிலையிலும் ரத்னாபாயைப் பாராட்டி, அஜிதாவைக் கடிந்துகொண்டார். பதினாறு வருடத்தில் ரத்னாபாய் கேட்ட பெரிய பாராட்டு அது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

மருந்தறையில் அழுதுகொண்டிருந்த அஜிதாவிடம் போய், "நீ சொன்னது அவருக்கு வேற மாதிரி வெளங்கிச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும் மக்கா. வேணும்னுதான் வாயத் தொறந்து மிண்டாம நின்னேன்" என்றாள்.

அஜிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கிட்ட கோவம்னா அந்த தேஷ்யத்தை எங்கிட்ட காட்டியிருக்கலாமே சேச்சி. அந்த அண்ணாச்சி என்ன தப்பு செய்தாரு?"

மறுநாள் ரத்னாபாய் டாக்டரிடமும் போய் உள்ளதைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. அதன் பிறகு தமிழாக்கிச் சொல்லக் கூப்பிடவும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து அஜிதாவுக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். ரத்னாபாய் அவள் தலையில் கைவைத்து, "நல்லா இருக்கணும்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். ஆனாலும் பழைய எரிச்சல் உள்ளே கொஞ்சம் புரையோடிக் கிடந்தது, அந்த லட்டை அவளால் தின்ன முடியவில்லை.